வேலிக்கு அந்தப் பக்கத்துத் துருக்கிக்காரி

என் கணவர் விஜயரத்தினத்துக்கு வாயில் சனி. வாட்ஸ்அப் வந்த பிறகு அந்தச் சனி விரலுக்கு இறங்கிவிட்டது.

மகள் மயூராவின் கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போதுதான் கூத்து தொடங்கியது. லண்டனிலேயே எட்மண்டனில் இருக்கிற என் அண்ணை தில்லையம்பலம், சீனாவில் உய்கூர் முஸ்லிம் மக்களை முகாம்களில் அடைத்து வைத்திருப்பது பற்றிய ஓர் ஆங்கில விவரணப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டார். போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "எல்லாரும் பாத்து அழுங்கோ" என்று வேறு எழுதினார். என் மனுசன் இவர் விடுவாரா?

"2009இலை வன்னியிலை எங்கடை சனம் சாகேக்கை, இஞ்சை லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னாலை நாங்கள் தொண்டை கிழியக் கத்தேக்கை இந்த டிவிக்காரர் எங்கை போனவை? எல்லாம் பொய்!" என்று எழுதினார்.

"அப்ப எங்களையும் பொய்யர் எண்டுதான் சொன்னவை. இப்ப நீரும் அதைத்தானே ஐசே சொல்லுறீர்?" என்றார் அண்ணை.

விடிந்தால் இருவரும் அதே வேலைதான். இவர் ஒரு இணைப்பைப் போடுவார், அண்ணை இரண்டைப் போடுவார். பாரிசில் இருக்கிற மச்சாள் ஒருத்தி எதையும் வாசிக்காமல் இருவருக்கும் கைகூப்பும் படம் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் இவர், "லண்டனிலை ஒரு உய்கூரைக் கண்ணாலை கண்டனீரோ? ஒராளைக் காட்டும், நான் வாயை மூடுறன்" என்று எழுதினார். "உம்மடை வாசல்படி இனி மிதிக்க மாட்டன். கலியாணத்தை நீரே நடத்தும்" என்று எழுதிவிட்டு அண்ணை குழுவை விட்டே வெளியேறினார். எங்கள் ஆட்களிடம் செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவதற்கு அடுத்த பெரிய கோபம் அதுதான்.

எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு அவர். தாய்மாமன் இல்லாமல் என் பிள்ளை மணவறையில் இருப்பதோ? நான் போன் எடுத்தால் அண்ணை தொடவே இல்லை.

"இஞ்சருங்கோ, நேரிலை போய்க் கூப்பிடுங்கோ" என்றேன்.

"அவரல்லோ வெளியிலை போனவர்? நான் ஏன் போக?"

"அப்ப பொம்பிளையின்ரை தாயும் வரமாட்டா. நீங்களும் உங்கடை போனும் போய்க் கலியாணத்தை நடத்துங்கோ!"

மனுசன் அசையவில்லை. கலியாணத்துக்கு முந்தின சனிக்கிழமை பலகாரச் சூடு வந்துவிட்டது. கலியாணத்துக்கு முன்பு நல்ல நாள் பார்த்துச் சொந்தப் பெண்கள் எல்லாம் கூடிப் பலகாரம் சுடுவது எங்கள் வழக்கம். எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்குள் சுட்டால் நெருப்பு அலாரம் கத்தும் என்று பின்வளவில் கூடாரம் அடித்து, காஸ் அடுப்பும் பெரிய தாச்சியும் வைத்தோம். சிவனேஸ்வரி மாமி முறுக்கு உரலோடு சிம்மாசனம் போட்டு இருந்தா. இவருக்கு மா அரிக்கிற வேலை கொடுத்தேன். தலை, மீசை எல்லாம் மா.

எண்ணெய் மணம் வேலி தாண்டியதும் பக்கத்து வீட்டு ரெய்ஹான் எட்டிப் பார்த்தாள். நல்ல பெண். பார்சல் வந்தால் வாங்கி வைப்பாள். நாங்கள் எங்களுக்குள் அவளைத் துருக்கிக்காரி என்போம். குடிவந்த புதிதில், இஸ்தான்புலில் இருந்து வந்தேன் என்று அவள் சொன்னது மனதில் பதிந்துவிட்டது.

"உள்ளை வாரும், வந்து சாப்பிட்டுப் பாரும்" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டேன்.

வந்தவள் சாப்பிடவில்லை. மாமி பிழிகிற முறுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

"நாங்களும் பெருநாளுக்கு முதல் இப்பிடித்தான். பொம்பிளையள் எல்லாம் சேர்ந்து மாவை நூலாட்டம் இழுத்துச் சுத்திப் பொரிப்பம். சாங்சா எண்டு பேர்" என்றாள்.

"துருக்கியிலையோ?"

"இல்லையில்லை, துருக்கி பிறகு வந்த இடம். என்ரை ஊர் காஷ்கர். நான் உய்கூர்."

இவருடைய கையில் இருந்த அரிதட்டு அப்படியே நின்றது. எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. ஊரிலிருந்து சுவிசுக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு வந்த எங்களை இங்கே இருப்பவர்கள் இன்றைக்கும் சுவிஸ் ஆக்கள் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியிருந்தும், இஸ்தான்புலுக்கு முதல் எங்கே இருந்தாய் என்று அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லையே!

இவர் மா மீசையோடு கிட்ட வந்தார். "அப்ப டிவியிலை சொல்லுறது உண்மையோ?" என்று கேட்டார். அறுந்த மனுசன், கேட்கிற கேள்வியைப் பார்!

"நான் டிவி பாக்கிறேல்லை" என்றாள் ரெய்ஹான். "என்ரை தங்கச்சி 2017இலை தன்ரை போனிலை இருந்து என்ரை பேரை அழிச்சுப் போட்டாள். கோவத்திலை இல்லை, பயத்திலை. அதுக்குப் பிறகு அவளின்ரை குரலை நான் கேக்கேல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

போரின் கடைசி மாதங்களில் வன்னியில் இருந்த தமக்கையின் குரலுக்காக இவர் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கிடந்தவர். தமக்கை தப்பி வந்துவிட்டா. ஆனாலும் அந்த நாட்களை இவர் மறக்கவில்லை. கண் கலங்கியதை எண்ணெய்ப் புகை என்று சொல்லித் துடைத்தார்.

எனக்கு வாய் அடங்குமா? அண்ணை ஏன் இங்கே இல்லை என்று முழுக் கதையையும் அவளிடம் கொட்டினேன். கேட்கக் கேட்க அவள் கண்கள் விரிந்தன.

"எங்களுக்காகவோ? எங்களுக்காக ரெண்டு மச்சான்மார் கதைக்காமல் இருக்கினமோ?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. "எங்களுக்காகச் சண்டை பிடிச்ச ஆளை நான் ஒருக்காப் பாக்கவேணும்."

இவர் அரிதட்டைக் கீழே வைத்தார். "சுசிலா, கார்த் திறப்பை எடும்" என்றார்.

தாச்சியை மாமியிடம் ஒப்படைத்துவிட்டு மூவரும் புறப்பட்டோம். எட்மண்டனில் கதவைத் திறந்த அண்ணை, இவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

"மச்சான், இவ ரெய்ஹான். பக்கத்து வீடு. உய்கூர்" என்றார் இவர். தங்கச்சியின் கதையையும் இரண்டு வசனத்தில் சொன்னார். "டிவிக்காரரை நான் இப்பவும் நம்பேல்லை. இவவை நம்புறன். நான் எழுதினது பிழை. வாரும், உம்மடை மருமகளின்ரை பலகாரச் சூடு."

இத்தனை நாளும் பக்கம் பக்கமாக எழுதிய என் அண்ணை அவளைக் கண்டதும் வாசலில் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்:

"பிள்ளை, தங்கச்சிக்கு என்ன பேர்?"

நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது.

"மெஹ்ரிகுல்" என்றாள் ரெய்ஹான். "இந்த நாட்டிலை அவளின்ரை பேரை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

அண்ணை சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்து காரின் முன் இருக்கையில் ஏறினார். நோர்த் சேர்குலர் வீதியில் வழக்கம்போல வாகனம் நெரிந்து கிடந்தது. அண்ணை "மேரிகூல்" என்றார். "மெஹ்ரிகுல்" என்று பின்னால் இருந்து திருத்தினாள் அவள். இவர் சொல்லிப் பார்த்தார், அதுவும் பிழை. "உமக்கு வாய் திரும்பாது ஐசே, விடும்!" என்று அண்ணை இவரின் தோளில் தட்டினார். வீடு வரும்வரை இரண்டு மச்சான்மாரும் மாறி மாறி அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ரெய்ஹான் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் திருத்திக்கொண்டே வந்தாள்.