அவள் என்ன சொல்கிறாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு ஸ்பெயினின் ஜெரோனா ஊரே பாதிக்குமேல், பிரான்சின் எல்லை நகரமான பெர்பிஞ்ஞானில் ஒரு தியேட்டர் வாசலில் நின்றது. ஸ்பெயினில் தணிக்கைக்காரர்கள் முத்தத்தையே வெட்டிக்கொண்டிருந்த 1973 அது. கூச்சமில்லாத படம் பார்க்க எல்லை தாண்டிப் பிரான்சுக்குத்தான் வர வேண்டும். வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டாலும், தேள் கொட்டிய திருடனைப் போல யாரும் வாயைத் திறக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அந்தத் தொப்பையை எந்தக் கண்ணாடி மறைக்கும்?

பூட்டுக்கடை நர்சீஸ் மனைவி ரெமெயோடு வந்திருந்தான். அவனுக்குப் பிரெஞ்சு வராது. அவளோ கல்யாணத்துக்கு முன் இந்த ஊர் ஓட்டலில் மூன்று வருடம் வேலை பார்த்தவள்.

"என்ன சொல்றா?" இருட்டில் அவள் காதருகே குனிந்தான்.

"காலைலதான் ரயில்ல பாத்துக்கிட்டாங்களாம். பேர்கூடத் தெரியாதாம்."

திரையில் அந்தப் பெண் ரயிலில் பார்த்தவனின் கையைப் பிடித்துத் தனக்கு வேண்டிய இடத்தில் வைத்தாள். வெட்கமும் இல்லை, அவசரமும் இல்லை. ரெமெய்க்குப் பொறாமையாக இருந்தது. அந்த அழகின்மேல் அல்ல, அந்தத் துணிச்சலின்மேல்.

"இப்ப?"

திரையில் அந்தப் பெண் சிகரெட்தான் கேட்டிருந்தாள்.

"அவசரப்படாதங்கறா," என்றாள் ரெமெய்.

"அப்புறம்?"

"முடிஞ்சதும் திரும்பிப் படுத்துக்காதங்கறா."

நர்சீஸ் தலையாட்டினான். ரெமெய்க்கு வாய் நிற்கவில்லை.

"பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவையாவது, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டியாங்கறா."

அதன் பிறகு படம் முடியும்வரை அவன் ஒன்றுமே கேட்கவில்லை.

காரில் திரும்பும் வழியில் திராட்சைத் தோட்டங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ரெமெய் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். நல்ல மனுஷன்தான், கை ஓங்கியதில்லை. ஆனால் இவன் இப்போது சிரித்துவிட்டால், இனி சாகும்வரை இந்தப் பேச்சை எடுக்கத் தனக்குத் தெம்பிருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ரெமெய், அவங்க காலைலதான பாத்துக்கிட்டாங்க?"

"ஆமா."

"அப்புறம் ஏது பத்தொன்பது வருஷம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் வரை சுட்டது. எல்லைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் நர்சீஸ் காரை ஓரங்கட்டினான். சிரிக்கவில்லை.

"எப்படி இருந்துச்சு உனக்கு?" என்றான், சாலையைப் பார்த்தபடியே.

நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"சொல்றேன்," என்றாள். "நேரமாகும்."

அவன் இன்ஜினை அணைத்தான்.