அஷ்மாவியின் பை

...வண்டி உன்னுடையது, பெட்ரோல் உன்னுடையது, கால் உன்னுடையது, விழுந்தால் படுகிற அடியும் உன்னுடையது, பை மட்டும் எங்களுடையது, அப்படித்தானே டெலிவரி கம்பெனியாரே, என்று ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபைசல் தெருவில் ரஜப் பைக்கை விரட்டினான், முதுகில் அஷ்மாவியின் பை, அதற்குள் தோக்கிப் பகுதியில் யாரோ ஒரு வீட்டின் நோன்புச் சாப்பாடு, கைப்பிடியில் மாட்டியிருந்த அஷ்மாவியின் போன் இன்னும் ஒன்பது நிமிடம் என்கிறது, நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்குக்கும் அவ்வளவுதான் இருக்கும், கெய்ரோவே வீட்டைப் பார்த்து ஓடுகிற நேரம், எவனும் எவனுக்கும் வழி விடமாட்டான். இந்த வாரம் அஷ்மாவி இரண்டு முறை தாமதம், மூன்றாவது ஆனால் கணக்கை மூடிவிடுவார்கள், வேலை பார்த்த செருப்புக் கம்பெனியை இழுத்து மூடிய பிறகு அவனுக்கு இதை விட்டால் வேறு என்ன இருக்கிறது, அதனால்தான் விழுந்தவனின் போனையும் பையையும் முதலில் வந்து சேருகிறவன் எடுத்துக்கொண்டு அவன் பெயரிலேயே கொடுத்து முடிக்க வேண்டும், இது எங்கும் எழுதி வைத்ததில்லை, வண்டி ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட முறை, நல்ல முறைதான், ஆனால் கால் மடங்கிக் கிடப்பவனைத் தெருவில் விட்டுவிட்டு அவன் சோற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை நல்ல முறை ஆக்கினது யார், எவன் ஆக்கினான்...

மினிபஸ்காரன் பார்க்காமல் கதவைத் திறந்திருக்கிறான், பின்னால் வந்த ரஜப் கண்டதெல்லாம் அஷ்மாவி நடைபாதையோரம் கிடந்ததுதான், கால் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது, கரும்புச்சாறு கடைக்காரர் தலைக்கு அடியில் சாக்கை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். ரஜப் இறங்கி ஓடிப்போய்க் கேட்டான், அஷ்மாவி அவனையே பார்த்தான், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சூப் மூடி இறுக்கமாத்தான் இருக்கு, சிந்தல, நீ கெளம்பு" என்றான், வலி, பாவம், வலியில் அப்படித்தான் முகம் திரும்பும். உதவி எண்ணைக் கூப்பிட்டதற்குத் தேன் தடவின குரலில் ஒரு பெண், "ரமலான் வாழ்த்துகள் சார், ஆர்டர் பத்திரமா இருக்கா?" "ஆளுக்குக் கால் போச்சும்மா." "வருத்தமா இருக்கு சார். ஆர்டரைக் கொடுக்க முடியுமா, முடியாதா?" "ஆம்புலன்ஸ் அனுப்புவீங்களா, செலவை யாரு பாப்பா?" "எங்க பார்ட்னர்கள் அவங்கவங்க பாதுகாப்புக்கு அவங்கவங்களே பொறுப்பு சார், நீங்க ஒத்துக்கிட்டதுல இருக்கு." பார்ட்னராம், எந்தச் சொத்தில் பங்கு, பிறகு அழைப்பு பிடித்திருந்ததா, மதிப்பெண் போடுங்கள் என்று போன் கேட்டது... போன குளிர்காலத்தில் இதைக் கேட்க நாற்பது பேர் கம்பெனி ஆபீஸ் வாசலில் போய் நின்றோமே, காவலாளி ஒருவன் மட்டும் வெளியே வந்தான், "மேனேஜர்னு இங்க யாருமில்ல ராசா, எல்லாம் போன்ல இருக்கற ஆப்புதான்" என்றான், ஆப்பின் சட்டையை எப்படிப் பிடிப்பது, அதற்குச் சட்டை ஏது, கழுத்து ஏது...

சிக்னலில் பேரீச்சம்பழத் தட்டோடு நின்ற ஆள் குறுக்கே வந்து இரண்டு பழத்தைக் கையில் திணித்தார். "வெச்சுக்க தம்பி." "இன்னும் பாங்கு சொல்லலியே." "சொல்றப்ப நீ எந்தச் சந்துல பறந்துக்கிட்டிருப்பியோ, பிடி." பழத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே கியரை மாற்றினான், சாப்பாடு போகிற வீட்டுக் கதவைத் திறக்கப்போகிறவளுக்கு ஒரு பதில் தயார் செய்துகொண்டான், சூப் சிந்தியிருக்கிறதா என்று அவள் பையைத்தான் பார்ப்பாள், எல்லோரும் பையைத்தான் பார்ப்பார்கள், அப்போது சொல்லவேண்டும், ஆமாம்மா, உங்கள் சூப் சுகமாக இருக்கிறது, கொண்டுவந்தவன்தான் ரோட்டில் சிந்திக் கிடக்கிறான் என்று, முகத்துக்கு நேரே சொல்லவேண்டும், நட்சத்திரத்தைக் குறைத்தால் குறைக்கட்டும். அஷ்மாவியின் போனைக் கைப்பிடியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான், லிஃப்ட் வேலை செய்யவில்லை, நான்காவது மாடி, மூன்றாவதில் ஏறும்போது பாங்கு தொடங்கிவிட்டது, தொண்டை வறண்டு ஒட்டியது, வாசல் மணியை அழுத்தினான், திறந்தவள் கையில் தண்ணீர் தம்ளர், உள்ளே தட்டுகளின் சத்தம், அவள் தன் போனையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "படத்துல இருக்கற ஆளு நீயில்லியேப்பா." "அவன் விழுந்துட்டான்மா." பையை வாங்க நீண்ட கை அப்படியே நின்றது. "அடி பட்டுச்சா? எங்க பட்டுச்சு? யாராவது கூட இருக்காங்களா?"

கால் என்றான், எந்தக் கால் என்று தெரியவில்லை, இடதா, வலதா, தலையில் பட்டதா, சாக்கு எதற்கு வைத்தார்கள், அதையெல்லாம் கேட்டேனே, இல்லையா, இறங்கி ஓடி முதலில் என்ன கேட்டேன்... பையை அவள் கையில் கொடுத்துவிட்டு அவள் நீட்டிய தண்ணீரை வாங்காமல் படியில் இறங்கினான், பாதிப் படியில் கால் நின்றது, சூப் சிந்தல என்று அஷ்மாவி சொன்னது ரஜப் கேட்டதற்குப் பதில், வேறு யாரும் அங்கே அதைக் கேட்கவில்லை, அந்தத் தேன் குரல்காரிகூட அதற்குப் பிறகுதான் கேட்டாள். கட்டிடம் முழுக்கச் சாப்பிடுகிற சத்தம். ரஜப் தன் போனை எடுத்து அஷ்மாவியின் எண்ணை அழுத்தினான், அடிபட்டுச்சாடா என்று இப்போதாவது கேட்டுவிடலாம் என்று காதில் வைத்தான், மணி அடித்தது, அவனுடைய மற்றொரு கையிலிருந்த அஷ்மாவியின் போனில் அடித்தது, திரையில் ரஜப்பின் பெயரே வந்து நின்று நின்று மின்னியது, யார் எடுப்பது.