ஒரு மிடறு

என் தம்பி வீட்டுக்குள் நான் கால் வைத்தபோதே குழந்தையின் நெஞ்சுச் சத்தம் கேட்டது. இஸ்மத் அவனை மடியில் கிடத்திச் சங்கில் பசும்பால் புகட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் உள்ளே போனால் ஒரு வாய் வெளியே வந்தது. சுலைமானின் கன்னமெல்லாம் கரப்பான் வெடித்து நீர் கசிந்தது. காதோரம், கழுத்து, முழங்கை மடிப்பு, ஓர் இடம் பாக்கியில்லை. வேப்பிலை அரைத்துப் பூசியாயிற்று, ஆட்டுப்பாலுக்கு மாற்றிப் பார்த்தாயிற்று, பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தண்ணீரும் கொடுத்தாயிற்று. என் இடுப்பில் என் மகள் ஜைத்தூன் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவனைவிடச் சில நாள் இளையவள், ஆனால் பார்த்தால் இவள்தான் மூத்தவள் என்பார்கள். அவனுக்கு முன்னால் இவளை வைத்துக்கொண்டு நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இஸ்மத் என் தம்பி பஷீரின் மனைவி. தங்கமான பெண், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இரைப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்துகொண்டேதான் தூக்கம். போதாக்குறைக்குத் தம்பிக்கும் என் வீட்டுக்காரருக்கும் மெத்தை தைக்கிற தொழில். பைக்காராவிலிருந்து கரண்டு வந்து, கோயமுத்தூரில் மூலைக்கு ஒரு மில் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. மில்லில் கழித்த பஞ்செல்லாம் கோட்டைமேட்டில் எங்கள் சந்துக்குத்தான் வரும். சோற்றில்கூடப் பஞ்சு கிடக்கும். ஆனால் இஸ்மத் பஞ்சைக் குறை சொல்லமாட்டாள். அவளுடைய அம்மா இரைப்பிலேயே மூச்சு முட்டிப் போனவர். அவர் பாலைக் குடித்துத்தான் தனக்கும் அது ஒட்டிக்கொண்டது என்று நம்பினாள். சுலைமானுக்குச் சில வாரம் பால் கொடுத்தவள், அவனுக்கு முதல் சளி பிடித்ததும் பயந்து நிறுத்திவிட்டாள். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிப் பாலை வற்ற வைத்தாள். இரைப்புக்காரி பால் பிள்ளைக்கு ஆகாது என்றுதான் எங்கள் தெருவே பேசும். வேண்டாம் என்று தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

முந்தின வாரம் நான்தான் வம்படியாக அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா குழந்தையை நிமிர்த்திப் போட்டு, குப்புறப் போட்டு, குழாய் வைத்துக் கேட்டார். இரைப்பு பால் வழியாக இறங்குகிற நோய் இல்லை என்றார். இவனுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, தாய்ப்பால் கொடுத்துப் பார்த்தால் தணியலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். பால் வற்றிவிட்டது என்றதும், வேறு பெண் யாராவது கொடுத்தாலும் சரிதான் என்றார். இஸ்மத் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

வேறு பெண் என்றால் நான்தான். எனக்கென்ன, ஜைத்தூன் குடித்தது போக ஊறி வழிந்தது. ஆனால் எங்கள் மார்க்கத்தில் ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். ஒரு மிடறு உள்ளே போனாலும் போதும், அப்புறம் அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. ஜைத்தூன் பிறந்த அன்றைக்கே பஷீர் சர்க்கரை கொண்டுவந்து என் வாயில் போட்டு, இவள் என் மகனுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தான். அவனைவிட எனக்குத்தான் அந்த ஆசை அதிகம். வாக்கப்பட்டுப் போன இடத்தில் முதல் சில வருஷம் நான் பட்டது நாய் படாத பாடு. என் மகளுக்கு அது வேண்டாம், நான் பிறந்த வீட்டிலேயே அவள் ராணி மாதிரி இருக்கட்டும் என்று மனசுக்குள் எத்தனையோ கட்டி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னதை வீட்டுக்காரர் ரசாக்கிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நல்லா ரோசனை பண்ணிக்க. குடுத்துப்போட்டா அப்பறம் திருப்பி வாங்க முடியாது" என்றார். நானும் ஒரு வாரமாக யோசனைதான் பண்ணிக்கொண்டிருந்தேன். பிள்ளை என்னமோ அதற்குக் காத்திருக்கவில்லை.

சங்குப் பால் புரையேறி அவன் இருமினான். இருமல் நிற்கவில்லை. விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது, உதடு கறுத்தது. இஸ்மத் அவனைத் தோளில் போட்டு முதுகைத் தடவினாள். ஒருவழியாக மூச்சு வந்ததும் அவன் பசியில் கதறினான். அந்தக் கதறலுக்கு என் மார்பு கனத்தது. நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்துக்கொண்டேதான் ஜைத்தூனைப் பாயில் இறக்கிவிட்டுக் கையை நீட்டினேன். இஸ்மத் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க மதினி. ஜைத்தூனு எனக்கு மருமவளா வரோணும்."

"அதுக்கு மொதல்ல இவன் இருக்கோணுமில்ல கண்ணு."

அவள் பிடி தளர்ந்தது. வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மூக்கால் முட்டினான், முகத்தைத் திருப்பினான், பிறகு கப்பென்று பிடித்துக்கொண்டான். முதல் மிடறு அவன் தொண்டையில் இறங்கிய சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அவ்வளவுதான், முடிந்தது. என் மகளுக்கு ஓர் அண்ணன் வந்தான், மாப்பிள்ளை போனான். அழுகை வந்தது, அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, குடிடா ராசா, குடி என்று அவன் தலையைத் தடவினேன். நெஞ்சுக்குள் சத்தம் ஓயவில்லை. ஆனாலும் விடாமல் குடித்தான்.

இஸ்மத் என்ன நினைக்கிறாளோ என்று நிமிர்ந்தபோதுதான் அவள் ரவிக்கையைப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. ஈரம் மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. என் பார்வை போன இடத்தை அவளும் குனிந்து பார்த்தாள். சட்டென்று உள்ளங்கையால் பொத்தினாள். விரலிடுக்கில் கசிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி, வற்றிப்போச்சு வற்றிப்போச்சு என்றாயே, கொஞ்சம் முன்னால் இது வந்திருக்கக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. பேயைப் பார்த்தவள் போல நின்றாள். யாரைத் திட்டுவது, அவளையா, படைத்தவனையா? குழந்தையை மார்பிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு வந்தது இவனுக்கும் வந்துருமுங்க மதினி."

"இப்ப மட்டும் இரைக்காமயா கெடக்கறான்? உக்காரு அம்மணி."

உட்கார்ந்தாள். பாயில் ஜைத்தூன் தன் பங்கு போன கோபத்தில் கையைக் காலை உதைத்து வீறிட்டாள். நான் திரும்பவில்லை. பாதியில் பிடுங்கப்பட்ட சுலைமான் அழ வாயைத் திறந்தவன், அழாமல், தாயின் பக்கம் முகத்தைத் திருப்பிக் காற்றில் தேடினான். உதட்டோரம் என் பால் இன்னும் காயவில்லை. இஸ்மத்தின் ஒரு கை ஈரத்தைப் பொத்தியபடியே இருந்தது. மற்றொரு கை ரவிக்கை முடிச்சுவரை வந்து, அதைப் பற்றிக்கொண்டு நின்றது.