எடைமேடை டெலிபோன்

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் எடைமேடையில் ஒரே டெலிபோன்தான். லாரி எடையைப் பெரம்பலூர் ஆபீசுக்கு அனுப்பும் கம்ப்யூட்டருக்கும் அதே லைன். குழிக்குள் செல்போன் எடுக்காது. அங்கே ஊதும் சங்கும் மேலே கேட்காது. அதனால் வெடிக்கு முன்னால் மேஸ்திரி முத்தமிழ்செல்வன் கீழே ஷெட்டிலிருந்து ரெண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார். உடனே எடைமேடையில் சீட்டுப் போடும் சுமதி மெயின் கேட்டுக்குப் போன் பண்ணி லாரிகளை நிறுத்த வேண்டும்.

மத்தியான வெடி நேரம் தாண்டியும் இன்று ரிங் வரவில்லை.

காலி லாரியோடு மேடையில் நின்ற சாமிதுரை ஆரனை அமுக்கினான்.

“என்ன தங்கச்சி, மேடையில நிக்க வச்சு மாப்ள அழைப்பா நடத்துற? தடுப்பத் தூக்கு.”

“செத்த இருங்கண்ணே. ரிங் வரல.”

“வரலன்னா வெடி இல்ல. இதுக்குப் படிப்பு வேணுமா?”

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் தடுப்பைத் தூக்கக் கை போகவில்லை. கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு சேர்க்கும் மோடத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

காலை பஸ்ஸில் பெரம்பலூரிலிருந்து கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த அறிவரசன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“சார், நான் எதுவும் அனுப்பலயே. இது ஏன் மினுக்குது?”

“அதுவா? இதுவும் ஆபீஸ் மெஷினும் ‘இருக்கியா, இருக்கேன்’னு பேசிக்குதுங்க. அதுக்கே டயல் பண்ணிடுது. அத அடைக்கத்தான் வந்தேன். இனிமே எடைச்சீட்டுக்கு மட்டும்தான் லைன எடுக்கும்.”

“அப்ப இப்ப லைன் பிசியா?”

“காலையிலேருந்தே மெஷின் லைன வைக்கல போலருக்கு.”

சுமதி மோடத்தைக் காட்டினாள். “கட் பண்ணுங்க சார்!”

“ஒன்ன அடைச்சிட்டேன். மணி என்னன்னு ஆபீஸ் மெஷினக் கேக்குறது ஒன்னு பாக்கி. அதும் அடங்கிட்டா தானா வச்சிடும்.”

விளக்கு அடங்கியது. மறுபடி மினுக்கியது. மறுபடி ஆரன்.

சுமதி மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கினாள். டெலிபோனில் ஷெட்டுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்க ஆளில்லை. திரி வைத்துவிட்டு மறைவுக்கு ஓடினால்தான் ஷெட் காலியாக இருக்கும்.

வெளியே சாமிதுரை தானே இறங்கித் தடுப்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய்க் கம்பிமேல் விழுந்து அழுத்தினாள்.

“போனா செத்துருவீங்க!”

“யாரு புள்ள சொன்னது? விடு…”

தரை உதறியது. குழிக்கு இறங்கும் பாதையில் கல் பொலபொலவென்று விழுந்தது. புழுதி அவர்கள் வாய்வரை வந்தது.

சாமிதுரை டயர் ஓரம் குந்திவிட்டான். பீடி பற்றவில்லை.

முத்தமிழ்செல்வன் மொபெட்டில் மேலே ஏறி வந்தார். லாரியைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

“அடிச்ச ஒடனே என்கேஜ்டு. கையாள் முன்னாடியே ரிங் விட்டுட்டான், நீ கேட்டுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்னு நெனச்சிட்டேன்.”

“நான் யாருட்டயும் பேசலண்ணே. மெஷினுங்க பேசிக்கிட்டிருந்துச்சு.”

உள்ளே போன் அடித்தது. பெரம்பலூர் ஆபீஸ். “என்னம்மா, லிங்க்கே இல்ல? எடை எதும் வரல?”

“வராது சார். அறிவரசன் சார் எல்லாத்தையும் அடைச்சு முடிக்கணும், நான் ஷெட்டுலேருந்து ரிங் விடச்சொல்லிப் பாக்கணும். அப்பறந்தான் வயர மாட்டுவேன்.”

“யாரக் கேட்டு…”

“போன வைங்க சார். லைன் வேணும்.”