ஜெசிந்தா எதை விட்டாள்?

என் மனைவி ஜெசிந்தா இந்தத் தவக்காலத்தில் எதை விட்டாள் என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலைவிட்டு வெளியே வரும்போதே கேட்டேன்.

"இந்த வருசம் என்னத்த அம்மணி உடறே?"

"மாதாகிட்டச் சொல்லீட்டேனுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

கறியை வீட்டில் இரண்டு பேருமே விடுகிறோம், அது சேர்த்தியில்லை. போன வருடம் டீயை விட்டாள். அதற்கு முந்தின வருடம் சீரியலை விட்டாள். இரண்டையும் தெருவுக்கே சொன்னவள் இப்போது மட்டும் வாயை மூடிக்கொண்டால் மனுசனுக்குத் தூக்கம் வருமா?

அவள் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், சர்க்கரை இருந்தது. மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனேன், சந்தோசமாக வைத்துக்கொண்டாள். ஒருவேளை கோபத்தை விட்டிருப்பாளோ என்று சாம்பாரைக் குறை சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சூலூரில் என்னோடு லேத் ஓட்டும் சென்னியப்பனுக்கும் இது பெரிய விசாரணையாகிவிட்டது.

"நாங்க பழனிக்கு மாலை போட்டா ஊருக்கே தெரியுமுங்க. உங்கூட்ல மட்டும் என்னங்க சிஐடி வேலை?"

ஒரு மாற்றம் மட்டும் கண்ணில் பட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் உள்ளே மாதா படத்துக்கு முன்னால் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள். "வாரேனுங்க" என்று குரல் மட்டும் வரும். பக்தி கூடிவிட்டது என்று நினைத்தேன்.

இங்கே என் கதையையும் சொல்லிவிட வேண்டும். போன அக்டோபரில் கருமத்தம்பட்டி மாதா திருவிழாவில், சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு, இனிக் குடிப்பதில்லை என்று சொன்னேன். பக்கத்தில் நின்று ஜெசிந்தா அழுதாள். தவக்காலம் மூன்றாம் வாரம் சென்னியப்பன் மகனுக்குக் காதுகுத்து, கெடா வெட்டு. தவக்காலமாயிற்றே, நான் கறியைத் தொடவில்லை. தயிர்சோறுதான் சாப்பிட்டேன். ஆனால் குடித்தேன். அடுத்த வாரமும் ஒருநாள் குடித்தேன். இரண்டு நாளும் பயந்துகொண்டேதான் வீடு வந்தேன். அவள் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தப்பித்தேன் என்று இருந்தது.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் பாடுகளின் வாரத்தில் வழக்கம்போலக் கோயில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிட்டார்கள். ஜெசிந்தா மூடிய மாதாவுக்கு முன்னால் மண்டியிட்டு, நெடுநேரம் என்னமோ முணுமுணுத்தாள். அந்தத் துணிக்குள் இருப்பவளுக்குத் தெரிந்தது கட்டின புருசனுக்குத் தெரியவில்லையே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போய்த் திரும்பினேன். ஜெசிந்தா வாசற்படியில் வழியை மறித்து நின்றாள். முகத்தை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"ஊதுங்க."

அக்டோபரிலிருந்து சாம்பல் புதன்வரை ஒருநாள் விடாமல் இப்படித்தான் ஊதச் சொல்வாள். அது நின்றுபோனபோது, ஒருவழியாக என்னை நம்பிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்ததால் அதைப்பற்றி மேலே யோசிக்கவே இல்லை.

"இதையா அம்மணி உட்டிருந்தே?"

"ஆமாங்க. உங்களச் சந்தேகப்படறத. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க. கிட்ட வந்தா மோந்து பாத்துருவேன்னுதான் உள்ளயே உக்காந்துக்கிட்டேன். நாப்பது நாளும் அவரைக் காப்பாத்திக் குடு தாயேன்னு கேட்டேன். காப்பாத்தீட்டாங்கல்ல?"

ஊதினேன். டீ வாசனைதான் வந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. பேசாமல் உள்ளே போயிருக்கலாம். முடியவில்லை.

"ரெண்டு நாள் குடிச்சுப்போட்டேன் ஜெசிந்தா."

அவள் திட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டாள்.

"நாளையிலிருந்து ஊத வேண்டாமுங்க. வந்ததும் நீங்களே சொல்லிப்போடுங்க. குடிச்சேன், இல்ல குடிக்கலைன்னு. நீங்க சொல்றத நான் நம்பிக்கறேன்."

அன்றிலிருந்து தினமும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். ஊதுவது எவ்வளவோ சுலபமாக இருந்தது.