ஆள் வராத கடையின் வியாபாரம்

பரமலிங்கம் முதலாளிக்கு வடமராட்சியிலும் வலிகாமத்திலுமாக ஏழு கடைகள். பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பொன்னாகிப்போன தொண்ணூற்றிரண்டில், ஏழு கடையையும் கட்டியிழுக்க முடியாமல் மனிதர் திணறினார். பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த தங்கை மகள் பத்மாசினியைக் கூப்பிட்டு, "எதை மூடலாம், எதை வளர்க்கலாம் எண்டு ஆராய்ஞ்சு சொல்லு பிள்ளை" என்றார்.

அவள் ஒரு கிழமையாகக் கரவெட்டிக் கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். கடை மனேச்சர் யாகப்புவுக்குப் பயம் பிடித்தது. பிடிக்காதா பின்னே! காலை எட்டு மணியிலிருந்து பொழுது சாயும்வரை அவள் கண்டது சாமானில் மொய்த்த இலையான்களையும் தீப்பெட்டி வாங்க வந்த ஒரு மனுசியையும்தான். ஆனால் சாமான் மட்டும் நாளுக்கு நாள் வற்றியது. காசும் சரியாக வந்தது.

நெல்லியடித் தலைமைக் கடையில் யாகப்புவையும் வைத்துக்கொண்டே போட்டு உடைத்தாள்.

"மாமா, ஏழு கடையிலையும் கரவெட்டிதான் கூட விக்குது. ஆனா சனமே வாறேல்லை. மொத்தமாப் பதுக்கல்காரருக்குப் போகுதோ தெரியேல்லை. அப்பிடியெண்டா எங்கடை பேர் கெட முதல் மூடுறதுதான் நல்லது."

"என்ன சங்கதி யாகப்பு?" என்றார் முதலாளி.

உண்மையைச் சொல்லலாம்தான். எந்த வாயால் சொல்வது? கடையில் விளக்குக் கொளுத்தக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. எண்ணெய்ச் செலவு ஒருபுறம், வெளிச்சம் கண்டால் மேலே சுற்றுகிற ஹெலி சுடும் என்ற பயம் மறுபுறம். யாகப்புவோ தினமும் விடியப்புறமே கடையைத் திறந்து, கடை எண்ணெயிலேயே ஜாம்போத்தல் விளக்குக் கொளுத்தி விற்றுக்கொண்டிருந்தான். சொந்த ஊரான மயிலிட்டியை ஆமி பிடித்து, அங்கிருந்த கடையும் வீடும் போய், பெண்சாதி பிள்ளைகளோடு நடுத்தெருவில் நின்றவனை, "வா, கரவெட்டியிலை ஒரு கடை போட்டுத் தாறன்" என்று கைபிடித்துத் தூக்கியவர் அவர். அவன் அதை நினைத்து உருகாத நாளில்லை. அவர் சொல்லை மீறினேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதா? கள்ளன் என்று பெயரெடுத்தாலும் நன்றிகெட்டவன் என்று எடுக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டான். விசரன்!

அடுத்த நாளும் விடியப்புறம் திறந்தான். வாசலில் நீள வரிசை. அகதி முகாமிலிருந்த மயிலிட்டிச் சனம் கடலுக்குப் போகிற நேரத்துக்கு எழும்பிப் பழகியது. கடல் பறிபோயும் அந்த நேரத்துக்கே எழும்பியது. குண்டு போடுகிற பொம்மர் வரமுதல் அலுவலை முடிக்கலாம் என்று கரவெட்டிச் சனமும் சேர்ந்துகொண்டது. வரிசையின் கடைசியில், மார்கழிப் பனிக்குத் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

"பிள்ளை, உன்னை முந்திக் காணேல்லையே. எங்கையிருந்து இடம்பெயர்ந்தனீ?" என்று கேட்டாள் முகாமிலிருக்கும் சிவக்கொழுந்து.

அவள் துவாயை இன்னும் முன்னுக்கு இழுத்துவிட்டாள்.

"யோசியாதை. முன்னுக்குப் போ. புதுசா வந்த ஆக்களுக்குத்தான் எங்கடை வரிசையிலை முதல் இடம்."

ஆளுக்காள் விலகி அவளை முன்னே தள்ளிவிட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது பத்மாசினியின் முகம். யாகப்புவின் கையிலிருந்த அளவுச் சுண்டு நழுவிச் சீனி சிந்தியது.

"எரியிறது கடை எண்ணெய்தான் பிள்ளை. கள்ளமெண்டா அது ஒண்டுதான்."

"அதை ஏன் அண்ணை நேற்றுச் சொல்லேல்லை?" என்றாள் அவள்.

மறுநாள் விடியப்புறம் முதலாளியையே கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் ஒரு ஓரமாக நின்று வரிசை நகர்வதைப் பார்த்தார்.

"இதை மூடுறேல்லை மாமா. மற்ற ஆறையும் இந்த நேரத்துக்குத் திறவுங்கோ."

"ஐயா, உங்கடை சொல்லை மீறிப்போட்டன்" என்று கும்பிட்டான் யாகப்பு.

முதலாளி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு நான் கடை போட்டுத் தந்தனான் எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சன். நீயல்லோடாப்பா என்ரை கடையைக் காப்பாத்தித் தந்திருக்கிறாய்."

யாகப்பு விக்கி விக்கி அழுதான்.

"தம்பி, அழுறதை விடிஞ்சாப்பிறகு அழலாம். பொம்மர் வரப்போகுது, சீனியைத் தா!" என்றாள் சிவக்கொழுந்து.

முதலாளியே சுண்டை எடுத்துச் சீனி அளக்கத் தொடங்கினார்.