தூணுக்கும் தூணுக்கும் நடுவே

பினாங்கில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து கார் வாங்கப் போனால், அனுபவமுள்ள விற்பனையாளர் முதலில் மனைவியின் முகத்தைத்தான் பார்ப்பார். ஹரீஷ் என்ற அந்த இளைஞனும் அப்படியே சாந்தினியின் முகத்தைப் பார்த்தான். அவள் கண்கள் கடையின் ஓரத்தில் ஒதுங்கி நின்ற சிறிய ஹேட்ச்பேக்கின் மேல் இருந்தன. அவளுடைய கணவன் தனேஷோ, வாசலுக்கு நேரே மேடைமேல் ஏற்றி வைத்திருந்த கிராஸோவரை விட்டு நகரவில்லை. இரண்டும் ஐந்து பேர் உட்காரும் கார்கள்தாம். ஆனால் கிராஸோவர் ஒரு சாண் அகலம் கூடுதல், ஒரு சாண் உயரம் கூடுதல். அதன் சக்கரங்கள் மலையேறப் போகிறவை போலப் பருத்திருந்தன.

சாந்தினி சின்னதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து அக்கரையில் புக்கிட் தெங்காவிலுள்ள தொழிற்சாலைக்குப் போகிறவள் அவள். அங்கே வண்டி நிறுத்தும் இடம் எப்போதும் நெரிசல். சந்தில் நுழைகிற எலியைப் போல ஒரு சிறிய கார் இருந்தால் போதும். தனேஷுக்கு ஜார்ஜ்டவுனிலேயே அலுவலகம். மோட்டார் சைக்கிளில் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் வருகிறவன். கார் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும்தான். ஓடி ஓய்ந்த பழைய பச்சைக் காரை விற்றாயிற்று. இனி வாங்கப்போவது ஒன்றே ஒன்று.

இதையெல்லாம் அவள் ஹரீஷிடம் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, தனேஷ் கிராஸோவரின் முகப்பைத் தட்டிக்கொடுத்தபடி, மனைவியைக் கண்ணால் காட்டிக் குறுக்கிட்டான்.

"சின்னதா இருந்தா என்ன, பெருசா இருந்தா என்ன தம்பி? இது கையில சாவியக் குடுத்தா, தூணு தானா நடந்து வந்து காடிய முட்டும்லா."

காரை அங்கே காடி என்பார்கள். ஹரீஷ் சிரித்தான்; வாடிக்கையாளர் சொன்ன வேடிக்கைக்குச் சிரிப்பது அவன் வேலை. சாந்தினியும் சிரித்தாள். ஒரு வாரம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்தத் தூணின் கதையைச் சொல்லியாக வேண்டும். டத்தோ கிராமட் சாலைப் பக்கத்தில் ஒரு குறுகிய சந்தின் நடுவே சிறிய மாரியம்மன் கோவில் ஒன்று இருக்கிறது. காவியும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய இரண்டு தூண்கள்தாம் அதன் வாசல். மாட்டுவண்டி நுழைவதற்கென்று கட்டிய வாசல். சந்தில் வண்டியை நிறுத்த இடமில்லாததால், கார்கள் அந்தத் தூண்களுக்கு நடுவே புகுந்து முற்றத்துக்குள் போகவேண்டும். புகுந்ததும் வழி சற்றே வலப்பக்கம் வளையும். அவசரப்பட்டுத் திருப்புகிறவனைத் தூண் விடாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தனேஷின் அக்காள் வடிவம்மாள், தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தது அங்கேதான். பச்சைக் காரை ஓட்டி வந்தவன் தனேஷ். கைப்பேசியில் ஒரு கண்ணும் வழியில் ஒரு கண்ணுமாக வந்தவன், கார் பாதி நுழைந்ததும் முந்தித் திருப்ப, அப்புறம் பதறி மறுபக்கம் ஒடிக்க, இடப்பக்கம் முழுவதும் தூணில் உரசிக்கொண்டு நின்றது. சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. தனேஷ் தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கிவிட்டான். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த சாந்தினியின் கதவைத் தூண் அடைத்திருந்தது. பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு, கியரைத் தாண்டி, ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து அந்தக் கதவு வழியாகத்தான் அவள் வெளியே வரமுடிந்தது.

அவள் கால் தரையில் பட்ட அந்த நொடியில் மொத்தச் சொந்தமும் வாசலுக்கு வந்து சேர்ந்தது. பார்த்தவர்கள் கண்ணுக்கு ஓட்டியவள் அவளாகவே தெரிந்தது. வடிவம்மாளின் கணவர் நல்லமுத்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏம்மா சாந்தினி, கோயிலையே இடிச்சுப் பெருசாக்கப் போறியா?" என்றார். எல்லாரும் தனேஷைப் பார்த்தார்கள். அவன் ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தான். பிறகு, "என்ன மாமா பண்றது, ஓட்டணும்னு ஆசையா கேட்டுச்சு, சாவியக் குடுத்துட்டேன்" என்றான்.

நாலு பேர் முன்னிலையில் கணவனைப் பொய்யன் ஆக்கவேண்டாம் என்று சாந்தினி வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வீட்டில் தனேஷ் மன்னிப்பும் கேட்டான். விடு, ரெண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்றான். யாரும் மறக்கவில்லை. தீபாவளிக்குத் "தூண் சௌக்கியமா?" என்றார் நல்லமுத்து. பொங்கலுக்கு வடிவம்மாள் தன் மகளிடம், "அத்தை காடில ஏறாதே, காது இன்னும் ஆறல" என்றாள். மோசம் அதுவல்ல. சொல்லிச் சொல்லித் தனேஷே அதை நம்பத் தொடங்கியிருந்தான். கார்க்கடையில் ஹரீஷிடம் சொன்னபோது அவன் முகத்தில் பொய் சொல்கிறவனின் கூச்சம் துளியும் இல்லை என்பதை அவள் கண்டாள். அன்றுதான் அவளுக்குள் ஏதோ ஒன்று சப்தமில்லாமல் பூட்டிக்கொண்டது.

ஒரு மூங்கில் காட்டில் ஒரு மயிலும் ஒரு முள்ளம்பன்றியும் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். மயில் தன் தோகையால் அத்திமரத்துக் கிளியின் கூட்டைத் தட்டிவிட்டு, முள்ளம்பன்றியின் முள் செய்த வேலை என்று காடெங்கும் சொல்லிவைத்தது. முள்ளம்பன்றி சண்டைக்குப் போகவில்லை. மயிலிடம் போய், "உன் தோகை அழகு, ஆனால் இன்னும் கொஞ்சம் விரித்தால் இன்னும் அழகு" என்றது. மயில் விரித்தது. "இன்னும் கொஞ்சம்" என்றது முள்ளம்பன்றி. மூங்கில்கள் எங்கே நெருங்கி வளர்ந்திருக்கின்றன என்பது முள்ளம்பன்றிக்குத் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாந்தினி கோவிலுக்குப் போனாள். இரண்டு தூண்களுக்கும் நடுவே நின்று இரு கைகளையும் விரித்தாள். விரல் நுனிகள் இரண்டு பக்கமும் தூணைத் தொடவில்லை. ஒவ்வொரு பக்கமும் கையளவுக்கு மேல் இடைவெளி இருந்தது. புதுவிதமான வேண்டுதல் என்று எண்ணிய பூசாரி, அவளுக்கு விபூதியைச் சற்றுத் தாராளமாகவே கொடுத்தார். இடப்பக்கத் தூணின் பட்டையில் பச்சைக் கோடு ஒன்று இன்னும் இருந்தது. அதை அவள் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

மறுநாள் கடையில், கிராஸோவரின் முகப்புக்கு எதிரே நின்று அதேபோல் கைகளை விரித்தாள். ஹரீஷ் உருகிப்போனான். அக்காவுக்கு வண்டியை அணைத்துக்கொள்கிற அளவுக்குப் பிடித்துவிட்டது என்று தனேஷிடம் சொன்னான். காதுகளைப் போல நீண்டிருந்த பக்கக் கண்ணாடிகளை மடக்கினால் வண்டி அந்தக் கோவில் வாசலில் புகும். இரு பக்கமும் நாலு விரல் மிஞ்சும். மடக்காவிட்டால், அல்லது கை ஒரு பக்கம் சாய்ந்தால், தூண் கையெழுத்துப் போடும்.

"பெருசையே எடுத்துக்கலாங்க" என்றாள் சாந்தினி. "நீங்க ஓட்டினா அதுதான் எடுப்பா இருக்கும்."

தனேஷுக்குத் தன் காதுகளையே நம்பமுடியவில்லை. நிறத்தை மட்டும் அவள் தேர்ந்தெடுக்கட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான். அவள் வெள்ளையைச் சொன்னாள். காவிச் சாயம் வெள்ளையில்தான் நன்றாகத் தெரியும்.

வண்டி வந்தது. முதல் பூசையைத் தண்ணீர்மலை முருகன் கோவிலில் வைக்கலாம் என்றான் தனேஷ். அங்கே இடம் தாராளம். நம் மாரியம்மன் கண்ணில் படாமல் மலைக்குப் போவது முறையா என்று சாந்தினி கேட்டாள். சரி என்றான். வடிவம்மாளையும் நல்லமுத்துவையும் அவளே தொலைபேசியில் அழைத்தாள். சர்க்கரைப் பொங்கலை அவளே கிண்டினாள். கிண்டும்போது இடக்கையால் காற்றில் ஒரு சைகையைப் பழகிக்கொண்டாள்: வா, வா, என்று நேராக அழைத்து, கடைசியில் மணிக்கட்டை மட்டும் லேசாக ஒடிக்கும் சைகை. பூவைக் கிள்ளுவதைவிட அதிகமான அசைவு அதற்குத் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பூமாலை போட்ட வெள்ளைக் கிராஸோவர் சந்துக்குள் திரும்பியது. தனேஷ் புது வேட்டி கட்டியிருந்தான். வாசலில் வடிவம்மாள் தாம்பாளத்தோடும், நல்லமுத்து கைப்பேசியைப் படம்பிடிக்கத் தூக்கியபடியும், பூசாரி நான்கு எலுமிச்சம்பழங்களோடும் நின்றார்கள். தூண்களைக் கண்டதும் தனேஷின் கால் பிரேக்கில் இறங்கியது. கடையின் மேடையில் அழகாக இருந்த அகலம் இங்கே வேறு மாதிரி இருந்தது. பின்னால் காய்கறி வேன் ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. திரும்பிப் போக வழியில்லை.

"நான் எறங்கிக் கை காட்டுறேன். என் கையை மட்டும் பாத்து வாங்க" என்றாள் சாந்தினி.

அவள் தூண்களைத் தாண்டி உள்ளே போய் நின்றாள். கண்ணாடிகளை மடக்கச் சொன்னாள், மடக்கினான். வா என்றாள், வந்தான். வண்டியின் எச்சரிக்கைக் கருவி முதலில் விட்டுவிட்டும், பிறகு ஓயாமலும் கீச்சிட்டது. முன்பாதி தூண்களுக்குள் புகுந்தது. தனேஷின் கண்கள் அவள் இடக்கையை விட்டு அசையவில்லை. மிட்டாய்க் கடைக்காரர் கையைப் பார்க்கும் குழந்தையின் பார்வை அது. இனி மணிக்கட்டை ஒடிக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் நல்லமுத்து, படம்பிடித்தபடியே, "மாப்ளே, யார் கையப் பாத்து வர்றேன்னு தெரிஞ்சுதான் வர்றியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வண்டிக்குள்ளிருந்து தனேஷும் சிரித்தான்.

சாந்தினியின் மணிக்கட்டு ஒடியாமல் நின்றது. வண்டி உரசினால் அந்தக் கோடு யார் பேரில் எழுதப்படும்? கை காட்டியவள் பேரில். தான் பழகிவைத்த சைகை தன் கழுத்துக்கே மாலையாக வரவிருந்ததை அவள் அந்தச் சிரிப்பில் கண்டுகொண்டாள். தூணில் இன்னொரு கோடு விழுந்து என்ன பயன்? அவளுக்கு வேண்டியது ஒரு சொல்.

உள்ளங்கையை உயர்த்தினாள். நில் என்று அர்த்தம். வண்டி சரியாக நட்டநடுவில் நின்றது. முன் கதவுகள் இரண்டும் இரண்டு தூண்களுக்கு நேரே. பிறகு அவள் தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தனேஷ் ஜன்னலை இறக்கி என்ன என்று கேட்டான். கதவைத் திறந்து பார்த்தான்; நாலு விரல் திறந்து தூணில் இடித்தது. பின் இருக்கைக்குத் தாவி அந்தக் கதவு வழியாக இறங்கலாம்தான், ஆனால் வேட்டி கட்டியிருந்தான். கண்ணாடிகள் மடங்கியிருந்ததால் பின்னாலும் ஒன்றும் தெரியவில்லை. வேன்காரர் மறுபடி ஹாரன் அடித்தார்.

"காதுகுத்து அன்னிக்கு இந்தத் தூணுல காடிய ஒரசினது யாருங்க?" என்று கேட்டாள் சாந்தினி. அவள் குரல், சாப்பிட வருகிறீர்களா என்று கேட்பது போல் மென்மையாக இருந்தது.

"இப்ப எதுக்கு அது?"

"இப்பதாங்க."

அவன் சிரித்துப் பார்த்தான். அக்காளைப் பார்த்தான். எச்சரிக்கைக் கருவி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அவள் கைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. கடைசியில் அவன் உதடு அசைந்தது.

"அக்காவுக்குக் கேக்கல" என்றாள் சாந்தினி.

"நான்தான்லா" என்றான் தனேஷ், இம்முறை சந்து முழுவதும் கேட்க. "ஓட்டினது நான். அந்தப் பக்கக் கதவு திறக்கல, அதனால இது என் பக்கமா எறங்குச்சு. அவ்ளோதான்."

நல்லமுத்துவின் கைப்பேசி மெல்லத் தாழ்ந்தது. வடிவம்மாள் தாம்பாளத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அவள் தன் தம்பியைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் கூச்சமே அதிகம் இருந்தது. சிரித்த சிரிப்பையெல்லாம் எங்கே திருப்பிக் கொடுப்பது என்று தெரியாத கூச்சம்.

"ஏன்டா தம்பி, அதுவும் வாயத் தொறக்கல, நீயும் தொறக்கலையே" என்றாள்.

சாந்தினி கைகளை முன்னால் கொண்டுவந்தாள். வா, வா, என்று அழைத்தாள். வளைவில் சரியான இடத்தில் வலப்பக்கம் ஒடிக்கச் சொன்னாள். வெள்ளைச் சாயத்தில் ஒரு தூசிகூடப் படாமல் வண்டி முற்றத்துக்குள் வந்து நின்றது. பூசாரி நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழங்களை வைத்து, வண்டிக்குச் சொந்தக்காரர் ஓட்டலாம் என்றார். சாந்தினி ஓட்டுநர் பக்கம் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். தனேஷ் இறங்க, அவள் ஏறி வண்டியை நகர்த்தினாள். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கும் ஓசையை, அவள் கடைசிப் பழம் வரை கேட்டாள்.

பழிக்கும் ஒரு விலை உண்டல்லவா? ஹேட்ச்பேக் புகும் இடுக்கில் கிராஸோவர் புகாது. புக்கிட் தெங்காவில் அவள் நாள்தோறும் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றி, தொழிற்சாலை வேலியோரம் வெயிலில் வண்டியை விட்டுவிட்டு நடக்கிறாள். இதை அறிந்த தனேஷ் ஒருநாள் தானாகவே வந்து, கிராஸோவரைக் கொடுத்துவிட்டு அவள் விரும்பிய சின்ன வண்டியையே எடுத்துவிடலாமா என்று கேட்டான். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டான். அவளும் அதைப் புரிந்துகொண்டாள்.

"இருக்கட்டுங்க. பழகிருச்சு" என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவள்தான் ஓட்டுகிறாள்; அவன் இடப்பக்கம் உட்கார்ந்து வருகிறான். கோவில் வாசலில் கண்ணாடிகளை மடக்கி, தூணுக்கும் தூணுக்கும் நடுவே புகுந்ததும், அவள் பிரேக்கை அழுத்துவாள். எச்சரிக்கைக் கருவி கீச்சிடும். தனேஷின் ஜன்னலுக்கு நேர் வெளியே அந்தப் பச்சைக் கோடு இருக்கும். அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பிப் பார்ப்பான். அந்தப் பக்கம் அவள் இருப்பாள்.

"பாத்துட்டீங்களா?" என்று கேட்பாள்.

அவன் கோட்டைப் பார்த்துத் தலையசைத்த பிறகே வண்டி நகரும்.